சக்ரான் கரைசலை நியோடிமியத்தில் சொட்டினால் ஜெல் மணி தட்டையாகிறது, அடியில் வெண்படலம் படிகிறது – எங்கே பிசகு?

குழைமம்:
பொருள்: அஃபனோதீசி சாக்ரம் என்ற நீலப்பச்சைப்பாசியிலிருந்து எடுத்த சக்ரான் என்ற பல்சர்க்கரை. கரைசல் 0.5%, பிஎச் 8.6. 21 ஜி ஊசி, வாங்கியபடியே சாய்வு முனையோடு. சொட்டும் உயரம் 15 செ.மீ. குளியல்: 100 மில்லிமோலார் நியோடிமியம் குளோரைடு, 100 மி.லி., கலக்கல் இல்லை. சொட்டியது மொத்தம் 20 மி.லி.

நடப்பது: சொட்டுகள் மேலேயே மிதந்து வில்லைபோலத் தட்டையாகின்றன. பாதிக்கு வால் முளைக்கிறது. வெட்டினால் தோல் கெட்டி, உள்ளே வழவழ நீர். ஒரு மணி நேரத்தில் பீக்கரின் அடியில் வெண்படலம். கால்சியம் குளோரைடில் எடுத்தால் பிரிந்துபோகும் கூழ்தான் வருகிறது. ஃபெரிக் குளோரைடில் பழுப்புக் கட்டிகள்.

கேள்விகள் இரண்டு. மூன்று மின்சுமை கொண்ட அயனிகள் எல்லாமே ஒரே மாதிரி ஜெல் தர வேண்டாமா? கடற்பாசிப் பல்சர்க்கரையான அல்ஜினேட்டைக் கச்சிதமாகப் பிடிக்கும் கால்சியம் இங்கே ஏன் தோற்கிறது?

மூவிணை:
உங்கள் இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், முதல் கேள்விக்கும் அதிலேயே பாதி விடை இருக்கிறது.

அல்ஜினேட்டில் குலுரோனிக் அமில அலகுகள் வரிசையாக வரும் துண்டுகள் உண்டு. அந்தத் துண்டு வளைந்து வளைந்து போவதால் இரண்டு சங்கிலி சேரும்போது முட்டைத் தட்டு மாதிரி குழிகள் அமைகின்றன. கால்சியம் அதில் சரியாக உட்காருகிறது. அங்கே பிடிப்பைத் தருவது வடிவப் பொருத்தம். சக்ரானில் அந்த வசதி இல்லை. குளுக்கோஸ், காலக்டோஸ், மானோஸ், சைலோஸ், ராம்னோஸ், ஃபியூகோஸ், யூரோனிக் அமிலங்கள் என்று கலவையான சங்கிலி அது. 100 சர்க்கரை அலகுக்குச் சுமார் 22 கார்பாக்சில், 11 சல்பேட்டு. அதாவது நான்கைந்து அலகுக்கு ஒரு கார்பாக்சில். தொடர்ச்சியான குழிகள் அமையவே வழியில்லை. கால்சியம் வந்து ஒட்டும், ஆனால் நீண்ட இணைப்பு மண்டலம் உண்டாகாது. அதனால்தான் கரண்டியில் எடுத்தால் பிரிகிறது.

மூன்று மின்சுமை அயனி வந்தால் கணக்கு மாறுகிறது. வடிவப் பொருத்தம் இல்லாமலேயே, நிலைமின் ஈர்ப்பின் பலத்தில் தூரத்துக் கார்பாக்சில்களையும் அடுத்த சங்கிலியையும் சேர்த்து இழுத்துவிடும். நியோடிமியத்தின் ஆரம் கால்சியத்துக்கு மிக அருகில், ஆறு ஒருங்கிணைவில் இரண்டுமே 100 பிகோமீட்டர் அளவுதான். அளவு ஒன்று, மின்சுமை ஒன்று கூடுதல். அதோடு எட்டு ஒன்பது ஆக்சிஜனை ஏற்கும் தாராளம். சக்ரானில் நியோடிமியம் உள்ளிட்ட லாந்தனைடுகள் நன்றாக வேலை செய்வதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் "மூன்று மின்சுமை இருந்தால் போதும்" என்று நினைக்காதீர்கள். அலுமினியம், இரும்பு, குரோமியம், நியோடிமியம் நான்குக்கும் மின்சுமை ஒரே அளவுதான். நான்கும் நான்கு விதமான ஜெல் தரும்.

படிகாரம்:
அவ்வளவு நுணுக்கம் தேவையா? மின்சுமை அடர்த்திதான் முக்கியம். இரும்பு மலிவு, எளிதில் கிடைக்கும். ஃபெரிக் குளோரைடின் செறிவைக் குறைத்தால் கட்டி வராது. நியோடிமியத்துக்குச் செலவழிப்பது வீண்.

மூவிணை:
படிகாரம், செறிவைக் குறைத்தாலும் இரும்பில் அந்தச் சிக்கல் தீராது.

நீரில் ஃபெரிக் அயனியைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறு புரோட்டானை இழக்கும் பிகேஏ (பாதி இழந்திருக்கும் பிஎச்) சுமார் 2.2. இண்டியத்துக்கு 4, அலுமினியத்துக்கு 5, நியோடிமியத்துக்கு 8 சுற்றுவட்டாரம். சக்ரானின் கார்பாக்சில்கள் மின்சுமை பெற்றிருக்க பிஎச் 4-க்கு மேல் வேண்டும். அந்த பிஎச்சில் இரும்பு தனி அயனியாக இருக்காது. ஹைட்ராக்சைடுத் திரளாக மாறிக்கொண்டிருக்கும். பிஎச் 2-க்கு இறக்கினால் இரும்பு தெளிவாக இருக்கும், கார்பாக்சில்கள் புரோட்டான் ஏறிச் செயலிழந்திருக்கும், சல்பேட்டு மட்டும் மிஞ்சும். ஆக, நீங்கள் பார்க்கும் பழுப்புக் கட்டியில் பாதி ஜெல், பாதி துரு. செறிவைக் குறைத்தால் கட்டி சிறிதாகும், அவ்வளவே.

இன்னொன்று வேகம். அயனி தன்னைச் சூழ்ந்த நீரை விட்டுவிட்டுச் சங்கிலியைப் பிடிக்க வேண்டும். அலுமினியத்தில் ஒரு நீர் மூலக்கூறு மாற ஏறத்தாழ ஒரு நொடி. இரும்பில் நொடிக்குச் சுமார் 160 மாற்றம். லாந்தனைடுகளில் நொடிக்குக் கோடிக்கணக்கில். குரோமியத்தில் அறை வெப்பத்தில் சராசரியாக ஐந்து நாள்! அதனால் குரோமியம் குளோரைடில் சொட்டினால் உடனே ஒன்றும் ஆகாது, சொட்டு கரைந்து பரவிவிடும். கரைசலோடு கலந்து மூடி மிதமான சூட்டில் வைத்தால் மெதுவாக, ஆனால் சீராக இறுகும். எண்ணெய்க் கிணறுகளில் பாலிஅக்ரிலமைடோடு குரோமியத்தைச் சேர்ப்பது இந்தத் தாமதத்தை நம்பித்தான்.

இழுபாகு:
குழைமம் தந்த அளவுகளை வைத்து மணியின் வடிவத்தைப் பார்ப்போம்.

மிதப்பது: 100 மில்லிமோலார் நியோடிமியம் குளோரைடின் அடர்த்தி சுமார் 1.02. உங்கள் கரைசல் 1.00. சொட்டு குளியலைவிட லேசானது. விழுந்த வேகத்தில் உள்ளே போய் மேலே வந்து, மேற்பரப்பில் பரவி அப்படியே தோல் கட்டிக்கொள்கிறது. வில்லை வடிவத்துக்கு இதுவே காரணம். 10 மில்லிமோலாரில் இரண்டு அடர்த்திகளும் ஏறக்குறைய சமம், மெதுவாகக் கலக்கினால் சொட்டு நடுநீரில் மிதந்தபடி உருண்டையாக இறுகும்.

வால்: 0.5% சக்ரான் சொட்டுவதற்குரிய திரவமே இல்லை. மூலக்கூறு எடை 1.6 கோடியிலிருந்து 2.9 கோடி வரை சொல்லப்படும் சங்கிலி அது. நுண்ணோக்கியில் ஒற்றைச் சங்கிலியே சில மைக்ரோமீட்டர் நீளம் தெரியும். 0.02% அளவிலேயே சங்கிலிகள் பின்னிக்கொள்ளத் தொடங்குகின்றன. 0.25% தாண்டினால் திரவப் படிக ஒழுங்கு, வலுக்குறைந்த ஜெல் போன்ற நடத்தை. ஊசியைவிட்டு வரும்போது நூல் இழுக்கும், அந்த நூல்தான் வால். 0.2 முதல் 0.3% போதும்.

ஊசி: 22 ஜி, முனையைச் செங்குத்தாக வெட்டித் தேய்த்துக்கொள்ளுங்கள். சாய்வு முனையில் சொட்டு ஒரு பக்கமாகத் தொங்கும். சொட்டின் அளவை ஊசியின் வெளிவிட்டம்தான் தீர்மானிக்கிறது, உள்விட்டம் அல்ல, 0.72 மி.மீ. வெளிவிட்டத்துக்குச் சொட்டு ஏறத்தாழ 3 மி.மீ. வரும். இறுகும்போது சுருங்கி இன்னும் சிறிதாகும். உயரம் 5 செ.மீ. வைத்துத் தொடங்குங்கள். 15-இல் மேற்பரப்பில் மோதி நசுங்கும். குளியலில் ட்வீன் 20-ஐ 0.05% சேர்த்தால் பரப்பு இழுவிசை குறைந்து சொட்டு வழுக்கி உள்ளே போகும்.

அப்புறம், குப்பியைக் கவிழ்த்துப் பார்த்து "ஜெல் ஆகிவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள். 0.5% சக்ரான் உலோகம் இல்லாமலே கவிழ்த்த குப்பியில் சிறிது நேரம் நிற்கும். உலோகம் சேர்க்காத ஒப்பீட்டுக் குப்பி ஒன்றை எப்போதும் பக்கத்தில் வையுங்கள்.

வடிதாள்:
வெண்படலத்துக்கு வருகிறேன். உங்கள் கரைசலின் பிஎச் 8.6. காரச் சாறெடுப்புக்குப் பின் டயாலிசிஸ் (சவ்வுப் பையில் கட்டிச் சிறு மூலக்கூறுகளை நீரில் வெளியேற்றுவது) முழுமையாகவில்லை என்று தெரிகிறது. நியோடிமியம் அந்த பிஎச்சில் ஹைட்ராக்சைடாகவும், காற்றிலிருந்து கரைந்த கார்பனேட்டோடும் வீழ்படிவாகும். சொட்டுக்கும் குளியலுக்கும் இடையிலுள்ள எல்லையில் இது உடனே நடக்கும், பிறகு உதிர்ந்து அடியில் சேரும்.

சோதிக்க எளிய வழி: படலத்தைக் குழாயில் எடுத்து 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. உடனே தெளிந்தால் ஹைட்ராக்சைடு. குமிழியோடு தெளிந்தால் கார்பனேட்டும் உண்டு. தெளியவே இல்லையென்றால் பாஸ்பேட்டைச் சந்தேகியுங்கள். லாந்தனைடு பாஸ்பேட்டுகள் நீர்த்த அமிலத்துக்கு எளிதில் மசியாதவை. இயற்கை நீரில் வளர்ந்த பாசிக்கு இது குறைவு, ஆனால் வளர்ப்பு ஊடகத்திலிருந்து வந்த மாதிரி என்றால் நிச்சயம் பாருங்கள். பாசி வளர்க்கும் சரௌக் ஊடகத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் டைபொட்டாசியம் பாஸ்பேட்டும், உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் ஈடிடிஏ 0.08 கிராமும் இருக்கிறது. ஒன்று உலோகத்தைக் கல்லாக்கும், மற்றது விழுங்கிவிடும்.

இதே காரணத்தால் மணிகளைப் பாஸ்பேட்டு தாங்கல் கரைசலில் கழுவக் கூடாது. உயிரியல் ஆய்வகத்தில் கை தானாக அந்தப் புட்டியைத்தான் எடுக்கும். மணி மேலே பால்போல் வெளுத்தால் காரணம் அதுதான். 1 மில்லிமோலார் நியோடிமியம் குளோரைடில் ஒரு முறை, வடிநீரில் இரண்டு முறை. போதும்.

பாசித்தடம்:
சாறெடுப்பு முறையையும் எழுதுங்கள் குழைமம். ஜெல் சரியில்லை என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவை சாறெடுப்பில் முடிகின்றன.

பின்னணி தெரியாதவர்களுக்கு: இந்தப் பாசி ஜப்பானின் கியூஷூ தீவில் ஊற்றுநீர் ஓடைகளில் வளர்வது. சுய்சென்ஜி நோரி என்று எடோ காலத்திலிருந்தே உண்கிறார்கள். டச்சுத் தாவரவியலாளர் சுரிங்கர் 1872-இல் விவரித்தார். குமமோட்டோவில் இது வளரும் காமி-எசு ஏரிப் பகுதி 1924-இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று வளர்ப்பு நடப்பது ஃபுக்குஓக்கா மாகாணத்தின் அசாக்குராவில், கோகனே ஆற்றில். பாசியைச் சுற்றியுள்ள பிசின் உறையிலிருந்து இந்தப் பல்சர்க்கரையைப் பிரித்துச் சக்ரான் என்று பெயரிட்டவர்கள் இஷிகாவா மாகாணத்தின் ஜெய்ஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஒக்காஜிமா மைக்கோ, கனேக்கோ தட்சுவோ குழுவினர்; ஆய்வுக் கட்டுரைகள் 2008 முதல். தன் எடையைப்போல் 6,100 மடங்கு தூய நீரைப் பிடிக்கும் என்பதுதான் முதலில் பேசப்பட்டது. உலோகம் பிடிக்கும் குணம் அடுத்து வந்தது.

முறை: பாசியை உறையவைத்து உருக்குங்கள், உயிரணு உடையும். நீரில் கழுவினால் நீல நிறப் புரதங்கள் போகும். நீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவுங்கள். பிறகு எத்தனாலில் குலுக்கினால் பச்சையமும் கரோட்டினாய்டுகளும் போகும். பாசி வெளுக்கும்வரை எத்தனாலை மாற்றுங்கள். வெளுத்ததை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 100 பாகையில் 4 மணி நேரம். பின்பு 14,000 மூலக்கூறு எடை வெட்டு எல்லை கொண்ட சவ்வில் டயாலிசிஸ், குறைந்தது மூன்று நாள், தண்ணீரை நாளுக்கு இரு முறை மாற்ற வேண்டும். வடிகட்டி, சுண்டவைத்து, ஐசோபுரொப்பனாலில் மெல்ல ஊற்றினால் வெள்ளை நார்நாராகத் திரளும். கண்ணாடிக் கோலில் சுற்றி எடுங்கள். திரும்பக் கரைத்து, திரும்பத் திரட்டி, மூன்று முறை.

4 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். சூடான காரத்தில் யூரோனிக் அலகுகளின் பக்கத்தில் சங்கிலி அறும். நார் குட்டையாக, பஞ்சுபோல வந்தால் அறுந்துவிட்டது என்று பொருள். நீண்ட நூலாகக் கோலைச் சுற்றினால் நல்ல சரக்கு.

குழைமம்:
நன்றி. சாறெடுப்பு நீங்கள் சொன்னபடிதான். ஆனால் டயாலிசிஸ் ஒன்றரை நாள்தான், தண்ணீரும் இரண்டு முறைதான் மாறியது. ஈடிடிஏ கழுவல் எதுவும் இல்லை.

பாசித்தடம்:
அப்படியானால் இன்னொரு பிசகும் உள்ளே இருக்கிறது. பாசி உறையில் ஏற்கனவே கால்சியம், மக்னீசியம், கொஞ்சம் இரும்பு உட்கார்ந்திருக்கும். காரம் அவற்றைத் துரத்தாது. அந்த இடங்கள் முன்பே நிரம்பியிருந்தால் நியோடிமியம் அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் உட்கார வேண்டும். மணிக்கு மணி வேறுபாடு வருவதற்கு இது ஒரு காரணம். டயாலிசிஸின்போதே முதல் நாள் 10 மில்லிமோலார் ஈடிடிஏ சோடியம் உப்பு, பிஎச் 8. இரண்டாம் நாள் 0.1 மோலார் சோடியம் குளோரைடு. அதன் பிறகு தூய நீர். நடுவில் உப்பைத் தவிர்த்தால் ஈடிடிஏ பையிலிருந்து முழுதாக வெளியேறாமல் தங்கிவிடும். உங்கள் நியோடிமியத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.

மூவிணை:
எவ்வளவு உலோகம் தேவை என்று கணக்குப் போடலாம், இதைப் பலர் செய்வதே இல்லை.

ஒரு சர்க்கரை அலகின் சராசரி எடை, சோடியமும் சல்பேட்டும் சேர்த்து, சுமார் 180 என்று கொள்வோம். 1 கிராமில் 5.6 மில்லிமோல் அலகுகள். 100 அலகுக்கு 33 எதிர்மின்சுமை என்றால் 1.8 மில்லிமோல் மின்சுமை. மூன்றால் வகுத்தால் 0.6 மில்லிமோல் நியோடிமியம், எடையில் ஏறக்குறைய 87 மி.கி. இதுதான் ஒரு கிராம் சக்ரானுக்குக் கோட்பாட்டு உச்சம்.

குழைமத்தின் 20 மி.லி. 0.5% கரைசலில் 0.1 கிராம். அதற்கு வேண்டியது 0.06 மில்லிமோல். குளியலில் இருந்ததோ 10 மில்லிமோல், 160 மடங்குக்கு மேல்! தோல் நொடியில் இறுகி உள்ளே போகும் வழியை அடைத்துவிட்டது. உள்ளே வழவழப்பாக இருந்ததற்கு இதுவே காரணம். 10 மில்லிமோலாரில் 100 மி.லி. எடுத்தாலே தாராளம்: ஆறு நீர் சேர்ந்த நியோடிமியம் குளோரைடு 0.36 கிராம்.

சிலர் சக்ரான் அல்ஜினேட்டைவிட அதிக உலோகம் பிடிக்கும் என்று எழுதுகிறார்கள். ஒரு கிராமுக்கான மின்சுமையைப் பார்த்தால் அல்ஜினேட்டில் சுமார் 5 மில்லிமோல், சக்ரானில் 1.8. மொத்தக் கொள்ளளவில் அல்ஜினேட்டே மேல். சக்ரானின் பலம் வேறு இடத்தில்: நீர்த்த கரைசலில் மூன்று மின்சுமை அயனியைத் தேடிப் பிடிப்பது, 0.2% போன்ற சொற்ப அளவிலேயே கையில் எடுக்கக்கூடிய ஜெல் தருவது. சங்கிலி அவ்வளவு நீளம் என்பதால் சில இணைப்புகளே முழு வலையையும் தாங்கிவிடுகின்றன. இதைச் சரியாகச் சொன்னால் போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை.

உப்பளக்காற்று:
ஒரு துணைக் கேள்வி. வேதாரண்யம், தூத்துக்குடி போன்ற உப்பளங்களில் வரும் அஃபனோதீசி ஹாலோஃபைட்டிகாவின் பிசினிலும் இது நடக்குமா? உப்பளக்காரர்களுக்கு அது தொல்லை. கரிநீர் (செறிந்த உப்புநீர்) கொழகொழத்து உப்புப் படிகம் சிறுத்துவிடும். பயன்படுத்த வழி உண்டா?

பாசித்தடம்:
பேரினம் ஒன்றுதான், பல்சர்க்கரை வேறு. சக்ரானின் எண்களை அப்படியே அதற்குப் போடாதீர்கள். சல்பேட்டு, யூரோனிக் அளவுகளை முதலில் அளந்துவிட்டு உலோகத்துக்குப் போங்கள். யூரோனிக்குக் கார்பசோல் முறை, சல்பேட்டுக்கு நீராற்பகுத்துப் பேரியம் குளோரைடில் கலங்கல் முறை.

கைவேலையில் இரண்டு எச்சரிக்கை. சாதாரணக் கடல்நீரிலேயே மக்னீசியம் 53 மில்லிமோலார், கால்சியம் 10 மில்லிமோலார். உப்பளத்தில் மக்னீசியம் பல மடங்கு. அதனால் ஈடிடிஏ கழுவல் இல்லாமல் தொடங்கவே முடியாது. அடுத்தது, அந்த உப்போடு டயாலிசிஸ் பையில் ஊற்றினால் நீர் உள்ளே பாய்ந்து பை வெடிக்கும். பையில் பாதிதான் நிரப்புங்கள், மீதியைக் காற்றில்லாமல் அழுத்திக் கட்டுங்கள். முதலில் அரைச் செறிவு உப்புநீரில் சில மணி நேரம், பிறகு தூய நீர். தூய இனவகை வேண்டுமென்றால் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கடல்சார் நீலப்பச்சைப்பாசித் தேசிய மையம் இருக்கிறது. அளத்திலிருந்து அள்ளுவதில் பாக்டீரியா, டயட்டம் எல்லாம் கலந்திருக்கும்.

படிகாரம்:
சொட்டுவதைப் பழகவாவது நியோடிமியம் வேண்டாமே. என் பெயருக்கேற்ப ஒன்று சொல்கிறேன்: பொட்டாஷ் படிகாரம் லிட்டருக்கு 4.74 கிராம் போட்டால் 10 மில்லிமோலார் அலுமினியம். ஊசி, உயரம், கலக்கும் வேகம் எல்லாவற்றையும் அதில் சரிசெய்துகொண்டு பிறகு நியோடிமியத்துக்குப் போகலாம்.

மூவிணை:
நல்ல யோசனை, வழிமொழிகிறேன். ஒரு வேறுபாடு மட்டும் மனதில் இருக்கட்டும். அலுமினியம் நீரை மெதுவாக விடுவதால் தோல் கட்ட நேரமாகும், அதே உயரத்தில் சொட்டு கொஞ்சம் அதிகமாக நசுங்கும். அலுமினியத்தில் உருண்டை வந்துவிட்டால் நியோடிமியத்தில் தவறாது. படிகாரக் கரைசலின் பிஎச் 4-க்குச் சற்றுக் கீழே இருக்கும், அதை ஏற்ற முயலாதீர்கள், ஹைட்ராக்சைடு திரளும்.

இரும்பைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. இரும்பு ஜெல்லை வெயிலில் வைத்தால் இளகும். கார்பாக்சிலோடு இணைந்த ஃபெரிக் அயனி ஒளியில் ஃபெரஸாக மாறுகிறது, அந்தக் கார்பாக்சிலைக் கரியமில வாயுவாக உதிர்த்துவிட்டு. பிடிப்பும் போகிறது, சங்கிலியும் சேதமாகிறது. பழுப்பு மணிகளை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறுநாள் கூழைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

குழைமம்:
மாற்றியவை: டயாலிசிஸ் ஈடிடிஏ, உப்பு, நீர் வரிசையில் ஐந்து நாள். கரைசல் 0.3%, நீர்த்த அமிலம் சேர்த்து பிஎச் 5.4. 22 ஜி வெட்டிய ஊசி, 5 செ.மீ., 10 மில்லிமோலார், மெதுவான கலக்கல். மணி உருண்டையாக வருகிறது, வால் இல்லை, படலம் இல்லை. ஆனால் நடுவில் இன்னும் சிறு பகுதி இளக்கமாக இருக்கிறது. முழுவதும் சீரான ஜெல் வேண்டுமானால்? பிறகு, மணி எவ்வளவு நியோடிமியம் ஏற்றது என்று எப்படி அளப்பது? மணி வெளிர் ஊதாவாக இருந்தது, குழல்விளக்கின் கீழ் பச்சையாகத் தெரிகிறது, மாசா?

இழுபாகு:
நிறம் மாசு இல்லை. நியோடிமியத்தின் உறிஞ்சல் பட்டைகள் மிகக் குறுகலானவை, விளக்கின் நிறமாலைக்கு ஏற்ப நிறம் மாறித் தெரியும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஊதா திரும்பும்.

சீரான ஜெல்லுக்கு மணியை மறந்துவிடுங்கள். கரைசலை டயாலிசிஸ் பையில் கட்டி 1 முதல் 2 மில்லிமோலார் நியோடிமியம் குளோரைடில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். சவ்வு அயனியின் வரத்தைக் கட்டுப்படுத்தும். சங்கிலிகள் ஒதுங்கி வரிசைகொள்ள நேரம் கிடைப்பதால் ஜெல்லில் திசை ஒழுங்கும் வரலாம். குறுக்கிட்ட இரண்டு முனைவாக்கித் தாள்களுக்கு நடுவில் வைத்தால் ஒளிரும். கால்சியம் அல்ஜினேட்டுக்குப் பயன்படுத்தும் உள்ளிருந்து இறுக்கும் உத்தி, அதாவது ஈடிடிஏ சேர்மத்தை மெல்ல அமிலமாக்கி அயனியை விடுவிப்பது, இங்கே பயன்படாது. கால்சியம்–ஈடிடிஏ நிலைப்பு மாறிலியின் மடக்கை 10.7, நியோடிமியத்துக்கு 16.6. அது விடுபடும் அளவுக்கு அமிலமாக்கினால் கார்பாக்சில்கள் படுத்துவிடும்.

பாகுமானியில் அளந்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய தட்டுகள் வேண்டும். வழவழப்பான தட்டில் ஜெல்லின் மேல் நீர் கசிந்து வழுக்கும், வலிமை பாதியாகத் தெரியும். உருத்திரிபு 1%-க்குள், இடைவெளி 1 மி.மீ.

வடிதாள்:
அளவிடல்: மணிகளை வடித்து, குளியலில் மிஞ்சியதை 0.45 மைக்ரான் வடியில் வடிகட்டுங்கள். ஹெக்சமின் தாங்கலில் பிஎச் 5.5 முதல் 6, சைலினால் ஆரஞ்சு நிறங்காட்டி, 0.01 மோலார் ஈடிடிஏவால் தரம்பாருங்கள். சிவந்த ஊதாவிலிருந்து எலுமிச்சை மஞ்சள். 1 மி.லி. ஈடிடிஏ என்பது 1.44 மி.கி. நியோடிமியம். அசிட்டேட் தாங்கலிலும் செய்யலாம், ஆனால் அசிட்டேட் லாந்தனைடை லேசாகப் பிடிக்கும், முடிவுப்புள்ளி மங்கும்.

ஒன்று கவனியுங்கள். குளியலில் 28 மடங்கு மிகுதி இருக்கும்போது மிஞ்சியதை அளந்து கழித்தால், சிறிய வேறுபாட்டை இரண்டு பெரிய எண்களிலிருந்து எடுப்பதாகிவிடும். மணிகளைக் கழுவி, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு முறை ஊறவைத்து, வந்ததை அளப்பதே நம்பகமானது. கிராமுக்கு 87 மி.கி.-க்கு மேல் காட்டினால் ஹைட்ராக்சைடு ஒட்டியிருக்கிறது, அல்லது கழுவல் போதவில்லை.

படிகாரம்:
அமிலத்தில் ஊறினால் மணியே கரைந்துவிடாதா? பழைய காந்தங்களிலிருந்து நியோடிமியத்தை மீட்கச் சக்ரானைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்கிறார்களே.

மூவிணை:
அமிலத்தில் கரையாது, சுருங்கும். கார்பாக்சில்கள் புரோட்டான் ஏறித் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். கரைவது அடுத்த படியில்: நடுநிலைக்குக் கொண்டுவந்ததும் பிடிக்க உலோகம் இல்லாமல் ஊதிப் பெருத்துக் கலைந்துவிடும். உலோகத்தை முழுதாக எடுத்தால் மணியைப் பிடித்திருந்த ஆணியையும் எடுத்துவிட்டீர்கள் என்பதே இதன் பொருள். ஈடிடிஏவில் போட்டால் நேராகவே கரையும். 50 மில்லிமோலார், பிஎச் 8, அதாவது லிட்டருக்கு 18.6 கிராம். ஜெல் அயனிப் பிடிப்பால்தான் நிற்கிறதா என்று சோதிக்கவும் இதே கரைசல் போதும்.

திரும்பப் பயன்படுத்த வேண்டுமானால் உலோகத்தைச் சாராத பிணைப்பு ஒன்று முன்பே இருக்க வேண்டும். சக்ரான் கரைசலைப் படலமாக ஊற்றி உலர்த்தி 100 பாகைக்கு மேல் சூடாக்கினால் நீரில் கரையாத, வீங்க மட்டுமே செய்யும் ஜெல்லாகிவிடும். அதை உறிஞ்சியாகப் பயன்படுத்துங்கள். இதன் மறுபக்கம்: எடை பார்க்க 105 பாகை அடுப்பில் உலர்த்திய மணியை ஈடிடிஏ சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். சூட்டுப் பிணைப்பு வந்திருக்கும், கரையாது, "அயனி ஜெல் இல்லை" என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள்.

காந்தத்தைப் பொறுத்தவரை தடை சக்ரானில் இல்லை, இரும்பில். அந்தக் காந்தத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு, அருமண் உலோகங்கள் 30% அளவு. கரைசலை நேராக ஊற்றினால் எல்லா இடத்தையும் ஃபெரிக் அயனி பிடித்துக்கொள்ளும். முதலில் இரும்பை முழுதாக ஃபெரிக்காக ஆக்சிஜனேற்றம் செய்து, பிஎச்சை மெதுவாக 3.5 அளவுக்கு ஏற்றுங்கள். இரும்பு ஹைட்ராக்சைடாக விழும், நியோடிமியம் கரைசலில் நிற்கும். காரத்தை ஒரே மூச்சில் ஊற்றினால் விழும் சேற்றோடு நியோடிமியமும் சிக்கிப் போகும். நீர்த்த காரம், நல்ல கலக்கல், சொட்டுச் சொட்டாக. வடித்த சேற்றை ஒரு முறை பிஎச் 3 நீரில் கழுவி அந்தக் கழுவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு 5 முதல் 5.5-க்கு ஏற்றி, மீண்டும் வடிகட்டி, அதன்பின் சக்ரான்.

வடிதாள்:
காந்தத்தின் மேல் நிக்கல் பூச்சு இருக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். கரைப்பதற்கு முன்பே உரித்துவிடுவது நல்லது. சூடாக்கிக் காந்தத் தன்மையைப் போக்கிவிட்டு உடைத்தால் பூச்சு செதில் செதிலாகத் தனியாக வரும். பொடியாக அரைக்காதீர்கள், அந்தப் பொடி காற்றில் தானே பற்றிக்கொள்ளும்.

குழைமம்:
படலமாக ஊற்றிச் சூடாக்கும் வழியில் போகிறேன். 0.3% கரைசல் 30 மி.லி., 9 செ.மீ. பிளாஸ்டிக் தட்டில், 60 பாகையில் உலர்த்தல். தட்டோடு ஒட்டிக்கொள்ளுமா?

பாசித்தடம்:
பாலிஸ்டைரீனில் ஒட்டினாலும் உரிந்துவிடும், பாலிபுரொப்பிலீன் என்றால் இன்னும் எளிது. கண்ணாடியில் மட்டும் ஊற்றாதீர்கள், கிழிந்துதான் வரும். தட்டு சமமாக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். அந்த அளவுக்கு மெல்லிய படலத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் பாதி தடித்தும் பாதி காகிதமாகவும் வரும். ஊற்றுவதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட்டுக் காற்றுக் குமிழிகளை நீக்குங்கள். 60 பாகையில் முழுதும் உலர்ந்து, தட்டிலிருந்து உரித்த பிறகே 100-க்கு மேல் ஏற்றுங்கள். பாலிஸ்டைரீன் தட்டு அந்தச் சூட்டைத் தாங்காது.